மீந்த மருந்து: சிவகாசி நூறு வருஷமாகச் சொல்லும் பாடம்

(ஒலிவடிவத்தின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

விருதுநகரிலிருந்து பேசுறேன். ஒவ்வொரு தீபாவளி முடிஞ்சதும் நேயர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி கேள்வி வரும். "மழையில் நமுத்துப்போன பட்டாசு ஒரு பை நிறையக் கிடக்கு. குப்பைத் தொட்டியில் போடலாமா?" பட்டாசு ஊர்க்காரனிடம் கேட்டால் பதில் கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை. போடக் கூடாது, அவ்வளவுதான் பதில். ஆனால் ஏன் கூடாது, போடாமல் அதை என்ன செய்வது என்று சொல்ல வந்தால் நூறு வருஷத்துக் கதையைச் சொல்லியாகணும். அந்தக் கதை பட்டாசில் தொடங்கவில்லை. தீக்குச்சியில் தொடங்குது.

தலை வேறு, பட்டை வேறு

உங்க வீட்டு அடுப்படியில் இருக்கிற தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்க. குச்சியின் தலையில் இருப்பதில் முக்கியமான சரக்கு பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கத்தில், நாம் உரசுகிற பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் தனித்தனியாக இருக்கிறவரை குச்சியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடலாம். உரசுகிற அந்த ஒரு கணத்தில் மட்டும் இரண்டும் சந்திக்கின்றன, தீ பிடிக்கிறது. முன்கூட்டியே இரண்டையும் கலந்து வைத்தால் லேசாக அழுத்தினாலே வெடிக்கும். பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் போட்டு வெடிக்கிற சுருள் கேப்பில் இருப்பது இந்தக் கலவையில் ஒரு துளிதான்.

இப்படிப் பிரித்து வைக்கிற யோசனைக்கு ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் எரிக் பாஷ் 1844-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னாலும், பின்னாலும்கூட ரொம்ப வருஷம், உலகம் பயன்படுத்தியது வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி. எந்தச் சுவரில் உரசினாலும் பற்றிக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால் அதைச் செய்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் 1888-ல் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தின் பின்னணியில் கூலி, அபராதம் இவற்றோடு இந்த நோயும் இருந்தது. 1906-ல் பெர்ன் நகரத்தில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் அதற்கான தடைச் சட்டம் 1913-ல் வந்தது.

இந்த வருஷத்தைக் கவனிங்க. பத்து வருஷம் கழித்து, 1923-ல்தான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்குது. அப்போது இது ராமநாதபுரம் மாவட்டம். தனி மாவட்டமானது 1985-ல். வானம் பார்த்த பூமி, மழை குறைவு. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், சில மாதங்கள் தங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1922-ல்தான் இறக்குமதித் தீப்பெட்டி மேல் அரசு வரியை ஏற்றியிருந்தது. ஸ்வீடன், ஜப்பான் சரக்கோடு போட்டி போட உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வழி திறந்தது. விவசாயத்துக்கு ஆகாத வறட்சி, குச்சியையும் மருந்தையும் காயவைக்கத் தோதாக அமைந்தது.

ஆக, சிவகாசி கற்றுக்கொண்ட முதல் தொழிலே 'சேர்க்காமல் வை' என்ற அடிப்படையில் நிற்கிற தொழில். நஞ்சான வெள்ளைப் பாஸ்பரஸ் காலம் முடிந்தபிறகு பிறந்த ஊர் அது.

இங்கே 'மருந்து' என்றால் வேறு

வெளியூர்க்காரர்கள் சிவகாசி பேருந்தில் உட்கார்ந்து பக்கத்தில் பேசுகிறதைக் கேட்டால் குழம்பிப்போவார்கள். "இன்னைக்கு மருந்து ஜாஸ்தி கலந்துட்டாங்க", "மருந்து மீந்துபோச்சு", "மருந்து ரூமுக்குள்ள அவரைத் தவிர யாரும் போகக் கூடாது." ஆஸ்பத்திரி விஷயம் இல்லை. இந்த வட்டாரத்தில் வெடிக்கிற கலவைக்குப் பெயர் மருந்து. மணி மருந்து, கரி மருந்து, மருந்து செலுத்துதல் என்று ஒரு தனி அகராதியே உண்டு.

தீப்பெட்டியிலிருந்து கலர் மத்தாப்புத் தீப்பெட்டி, அதிலிருந்து கம்பி மத்தாப்பு, அதிலிருந்து வெடி என்று தொழில் படிப்படியாக ஏறியது. அதற்கு முன்னால் இங்கே வெடித்ததில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. இலங்கைத் தமிழில் இன்னமும் 'சீனவெடி' என்ற சொல் புழங்குகிறது. இரண்டாம் உலகப்போர் வந்து இறக்குமதி நின்றது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் வாங்கித் தொழில் நடத்துகிற முறை ஏற்பட்டது. அதன் பிறகு சிவகாசி வளர்ந்த வேகம் உங்களுக்குத் தெரியும். இன்று இந்தியாவில் தயாராகும் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்துச் சரக்கு என்று சொல்கிறார்கள்.

எந்தப் பட்டாசை எடுத்தாலும் உள்ளே இரண்டு வகைப் பொருள் இருக்கும். ஒன்று ஆக்சிஜனைக் கொடுக்கிறது: வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட், அல்லது பேரியம் நைட்ரேட். இன்னொன்று எரிகிறது: கந்தகம், கரித்தூள், அலுமினியப் பொடி. தனித்தனி மூட்டையில் இருக்கிறவரை பெரிய ஆபத்தில்லை. கலந்ததும் கதை மாறிவிடும். அதனால்தான் பட்டாசு ஆலையை மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கட்டடமாக இருக்காது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கலப்பது ஒரு இடம், செலுத்துவது வேறு இடம், காயவைப்பது வேறு இடம். ஒன்றில் தீப்பிடித்தால் இன்னொன்று தப்பிக்கணும் என்பதுதான் அந்த வரைபடத்தின் உயிர்.

சில கலவைகளைக் கலக்கவே கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது. 1992 ஜனவரியில் மத்திய அரசு குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்த வெடிபொருளுக்குத் தடை போட்டது. அந்தக் கலவை அவ்வளவு முன்கோபி. லேசாகத் தட்டினாலே போதும். தீக்குச்சித் தலைக்கும், பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்கும், ஆராய்ச்சிக்கான சிறு அளவுக்கும் மட்டும்தான் விலக்கு.

மீந்ததுதான் ஆபத்து

இங்கேதான் நாம் தேடுகிற விஷயம் வருது. பட்டாசுத் தொழிலில் சரக்கைவிடப் பயப்பட வேண்டியது மீந்த சரக்கு.

மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமே ஆகியிருக்கும்: "முந்தைய நாள் மீதமிருந்த மருந்து நீர்த்துப்போய் வெடித்தது." காலையில் வேலை தொடங்குகிற நேரத்தில் நடக்கும் விபத்துகளில் இது அடிக்கடி வரும். 'நீர்த்துப்போய்' என்றால் என்ன? அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் கொஞ்சம் ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளேயே வினை தொடங்கும், சூடு கிளம்பும். சூடு வெளியேற வழியில்லாத குவியலாக இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முடிக்கணும், மிச்சம் வைக்கக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம்.

'நமுத்துப்போச்சு, இனி வெடிக்காது' என்று நாம் வீட்டில் சொல்கிறோமே, அந்த நினைப்பை இதோடு வைத்துப் பாருங்க. நமுத்தது செத்தது இல்லை.

ஆலையிலும் கழிவு சேரும். தரம் தேறாத வெடி, சிந்தின மருந்து, மருந்து ஒட்டின காகிதம். அதை ஆலைக்குள் ஒதுக்குப்புறமாகத் தனி இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக எரித்து அழிக்கணும். அப்படிக் கழிவை எரிக்கும்போதே உயிர்போன சம்பவங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. தினமும் மருந்தோடு புழங்குகிற, எது என்ன என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய ஆட்களுக்கே கழிவு சவாலாக இருக்கிறது.

2012 செப்டம்பர் 5-ஐ எங்க மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு ஆலையில் வெடிவிபத்து. குறைந்தது 38 பேர் இறந்தார்கள். அதில் ஆலைத் தொழிலாளிகள் மட்டும் இல்லை. சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, உதவிக்கு ஓடிவந்த சுற்றுவட்டாரத்து மக்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அவர்களுக்கு உள்ளே எந்த அறையில் என்ன இருக்குன்னு தெரியாது. தெரிந்திருந்தால் கிட்டே போயிருக்க மாட்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை குப்பைத் தொட்டி விஷயத்தின் மையமே இதுதான். உள்ளே என்ன இருக்குன்னு தெரிந்தவர் ஒருவர், அதைக் கையில் எடுக்கிறவர் இன்னொருவர். பையை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்ததோடு நமக்கு வேலை முடிந்தது. அதைப் பிரிப்பது தூய்மைப் பணியாளர். பல ஊர்களில் வெறும் கையால். அவரைத் தாண்டிப் போனால் வண்டிக்குள் அழுத்தித் திணிப்பார்கள், அப்புறம் குப்பைக் கிடங்கு. அங்கே ஈரம் உண்டு, சூடு உண்டு, மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்பும். சிவகாசி ஆலையில் எதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்காதே என்று சுவர் கட்டிப் பிரித்திருக்கிறதோ, அதையெல்லாம் சேர்த்துக் கலக்குகிற இடம் குப்பைக் கிடங்கு.

தடை வந்தால் பரணில் இருப்பது என்ன ஆகும்?

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு பக்கம் இருக்கு. ஒரு பொருளைத் தடைசெய்த மறுநாள், ஏற்கெனவே வீட்டில் இருக்கிற அந்தப் பொருளுக்கு என்ன பெயர்? நேற்றுவரை சரக்கு, இன்றைக்குக் கழிவு.

2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகிய ஐந்தும் கூடாது என்றது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. பச்சை நிறம் கொடுப்பது பேரியம். கம்பி மத்தாப்பிலும் அதுதான் முக்கியச் சரக்கு. அதனால் இந்தத் தீர்ப்பு சிவகாசியை உலுக்கியது. தொழிலாளர் கூலி, ஆலை மூடல், பசுமைப் பட்டாசு என்று எல்லாவற்றைப் பற்றியும் பேசினோம். 2019-ல் நீரி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு வந்தது. ஆனால் பழைய பெட்டி? கல்யாணத்துக்கு வாங்கி மீந்தது, கோயில் திருவிழாவுக்கு வாங்கி மீந்தது, பரணில் சாக்குக்குள் கிடப்பது? தயாரிக்காதே, விற்காதே, வெடிக்காதே என்கிற மூன்று கட்டளையும் வீடுவரை வந்து சேர்ந்தது. எங்கே கொண்டுபோய்க் கொடு என்கிற நான்காவது வாக்கியம் வந்து சேரவில்லை.

எங்க பக்கத்தில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. வீட்டில் வைத்துக் கருந்திரி செய்வதும் சரவெடி பின்னுவதும் சட்டப்படி குற்றம். ஆனாலும் கைதுச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கு. அப்படி ஒரு வீட்டில் மீந்த திரியை யாரும் தைரியமாக வெளியே எடுத்துக் காட்ட முடியாது. சோதனைக்குப் பயந்து அது குப்பைக்குள்ளேயோ, கண்மாய்க் கரையிலேயோ போய்ச் சேரும். அங்கே விளையாடப் போகிறது பிள்ளைகள்.

மூன்றாவது கூடை

மக்கும் குப்பை, மக்காத குப்பை. இந்த இரண்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னது. மூன்றாவது, வீட்டு அபாயக் கழிவு. பட்டியல் இதுதான்: பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல். பல்பு, டியூப்லைட், காலாவதியான மாத்திரை, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், தீர்ந்த பேட்டரி, ஊசி, சிரிஞ்சு, காயம் துடைத்த துணி முதலியன. இவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையமாவது உள்ளாட்சி அமைப்பு வைக்கணும் என்றும் அந்த விதி சொன்னது. உங்க ஊரில் அது எங்கே இருக்குன்னு கேட்டுப் பாருங்க. கேட்டால்தான் வரும்.

பட்டியலில் பட்டாசு என்ற சொல் இல்லை. 'முதலியன'வுக்குள் நாம்தான் சேர்த்துக்கொள்ளணும்.

பட்டியலில் இருக்கிற தெர்மாமீட்டருக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய வரலாறு உண்டு. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இயங்கியது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு வர 2016 ஆனது. அந்தக் கண்ணாடி கடைக்குப் போனபோது அதன் பெயர் 'உடைஞ்ச கண்ணாடி'. எடை போட்டு வாங்குகிற சாதாரணக் காயலான் சரக்கு. பெயரை மாற்றிச் சொன்னதில்தான் அத்தனை வருஷத் துயரமும் ஒளிந்திருந்தது.

சரியாகச் செய்கிற உதாரணமும் இருக்கு. சென்னை மாநகராட்சி தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் குப்பையை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாக எடுத்து, கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. ஒரு தீபாவளிக்கு நூறு டன்னைத் தாண்டும். ஒரு மாநகரத்தால் செய்ய முடிகிறது என்றால், பட்டாசு செய்கிற மாவட்டமும் செய்யணும்தானே?

சரி, கையில் இருப்பதை என்ன செய்வது?

முதலில், செய்யக் கூடாதது. நமுத்த பட்டாசை வெயிலில் காயவைத்து மறுபடி கொளுத்தாதீங்க. திரி போன வெடியைப் பிரித்து மருந்தைக் கொட்டி ஒன்றாகச் சேர்த்துக் கொளுத்துவது ஒரு தலைமுறைக்கே விளையாட்டாக இருந்தது. விரலையும் கண்ணையும் கொண்டுபோன விளையாட்டு அது. மிச்சத்தைக் குப்பையோடு போட்டு எரிக்காதீங்க. அடுத்த வருஷத்துக்கு ஆகும்னு பரணிலோ, கேஸ் சிலிண்டர் இருக்கிற அடுப்படியிலோ வைக்காதீங்க.

செய்ய வேண்டியது: வீட்டுக்கு வெளியே, நிழலான இடத்தில், ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர். பட்டாசு முழுக்க மூழ்கணும். ஒரு ராத்திரி முழுக்க ஊறட்டும். கொஞ்சம் ஈரம் ஆபத்து என்று சொன்னேன், நிறையத் தண்ணீர் ஏன் பரவாயில்லை? உப்பு கரைந்துவிடும், கிளம்புகிற சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அதனால் மேலே தெளித்துவிட்டுப் போவதுதான் தப்பு, முக்கணும். வாளியை மூடாதீங்க, வாயு வெளியேறட்டும். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பையும் தரையில் போடாமல் அப்படியே தண்ணீர் வாளியில் போடுங்க. வெறுங்காலோடு நடக்கிற பிள்ளைகளுக்குச் சூட்டுக்காயம் வருவது அதில்தான்.

ஊறினதைத் தனிப் பையில் போட்டு, பணியாளர் கையில் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லுங்க: "அண்ணே, இது பட்டாசு, நனைச்சிருக்கு, தனியா வைங்க." அந்தத் தண்ணீரில் பேரியம் உப்பு கரைந்திருக்கலாம், அது நஞ்சு. கிணற்றடி, மாட்டுத்தொட்டி, காய்கறிப் பாத்தி பக்கம் ஊற்றக் கூடாது. ஒரு பை இரண்டு பை என்றால் இது போதும். கடைச் சரக்கு அளவுக்குப் பெட்டி பெட்டியாக இருந்தால் நீங்களாக எதுவும் செய்யாதீங்க. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்க.

மற்றதற்கும் அதே மனசுதான். ஊசியை மூடி போட்ட கெட்டியான பாட்டிலில் போடுங்க. பேட்டரியின் முனையில் டேப் ஒட்டி வைங்க. பல்பை அட்டைப்பெட்டியில் வைத்து மேலே எழுதுங்க. பூச்சிமருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்தாதீங்க.

நூறு வருஷமாக இந்த வட்டாரம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இரண்டுதான். ஒன்று, சேரக் கூடாததைச் சேர்க்காதே. இரண்டு, அடுத்து கையில் எடுப்பவருக்கு அது என்னவென்று சொல்லு. முதல் பாடத்துக்குச் சட்டம் இருக்கு, சுவர் இருக்கு, அபராதம் இருக்கு. இரண்டாவதுக்கு நாம் மட்டும்தான் இருக்கோம்.

உங்க ஊராட்சியிலோ நகராட்சியிலோ அபாயக் கழிவு மையம் எங்கே என்று கேட்டு, கிடைத்த பதிலை எனக்கு எழுதி அனுப்புங்க. வந்த பதில்களை ஊர் வாரியாக இன்னொரு எபிசோடில் வாசிக்கிறேன்.